ஊராட்சி மானியத்தில் போலீஸுக்கு கேமரா: கையெழுத்துப் போட்ட வார்டு உறுப்பினருக்கு வம்பு வருமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு கிராம ஊராட்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன், அடையாளம் தெரியக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். 2020 ஜனவரியிலிருந்து 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடியும்வரை வார்டு உறுப்பினராக இருந்தவர். வீட்டில் இரண்டு மாடு, பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார்.

அவர் கடிதத்தின் சுருக்கம் இது. 2022-ல் அவர்கள் ஊரில் ஆடு திருட்டும் போர்வெல் மோட்டார் கேபிள் திருட்டும் அடிக்கடி நடந்திருக்கின்றன. மாங்காய் சீசனில் லோடு ஏற்ற வெளியூர் வண்டிகள் வந்துபோவதால் யார் என்னவென்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஸ்டேஷனிலிருந்து ஊராட்சித் தலைவரைக் கூப்பிட்டு, முக்கிய முனைகளில் கேமரா போட்டுத்தரச் சொல்லியிருக்கிறார்கள். தலைவரும் சரி என்று சொல்லி, 16 கேமரா, கம்பங்கள், ஸ்டேஷனில் வைத்துப் பார்க்க ஒரு பெரிய டிவி, ஒரு இன்வர்ட்டர் என்று சுமார் ₹4.8 லட்சம் செலவு செய்திருக்கிறார். ஒரே கடையின் மூன்று பில்கள். பணம் மத்திய நிதிக்குழு மானியத்திலிருந்து போயிருக்கிறது. அதே வருடம் காலனிக்கு மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாய் நீட்டிக்கும் வேலை "நிதி இல்லை" என்று நின்றுபோனது.

இப்போது பாதி கேமரா வேலை செய்யவில்லை. பதவிக்காலம் முடிந்தபின் ஊராட்சியைக் கவனிக்கும் தனி அலுவலரிடம் கேட்டால் ரிப்பேருக்குப் பணம் இல்லை என்கிறார், ஸ்டேஷனில் கேட்டால் அது ஊராட்சிச் சொத்து என்கிறார்கள். கிராம சபையில் இளைஞர்கள் கணக்கு கேட்டதும் முன்னாள் தலைவர் எழுந்து, "எல்லா மெம்பரும் கையெழுத்துப் போட்டுத்தான் செஞ்சோம்" என்று சொல்லிவிட்டார். நடுவில் பக்கத்து வீட்டு அம்மாவின் செயினைப் பகல் 11 மணிக்கு அறுத்துக்கொண்டு போனபோது, அந்த முனையில் பதிவு ஒன்றுமே இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

அவர் கேட்பது: இந்தச் செலவு சட்டப்படி சரியா? நான் கையெழுத்துப் போட்டதால் என்மேல் கேஸ் வருமா? இனி என்ன செய்யலாம்? கடைசியில், "போலீஸ் விஷயம், வாயைத் திறக்காதே என்கிறார் என் வீட்டுக்காரர். மத்திய அரசு பணம் என்பதால் இங்கே யாரும் கேட்க முடியாது என்றும் சொல்கிறார்கள். உண்மையா வக்கீல் சார்?" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, உங்கள் பயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒரு தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டதற்காக மட்டும் உங்களை யாரும் குற்றவாளி ஆக்க முடியாது. நடந்தது 2022-ல், அதனால் 2024 ஜூலை 1-ல் வந்த பாரதிய நியாய சன்ஹிதா இதற்குப் பொருந்தாது, பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். அதில் பொது ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கான 409-ஆவது பிரிவு வர வேண்டுமென்றால் நேர்மையற்ற எண்ணம் இருந்ததைக் காட்டியாக வேண்டும். திருட்டைத் தடுக்க கேமரா வேண்டும் என்று நம்பி, பைசா தொடாமல் கையெழுத்துப் போட்டவர் மேல் அது நிற்காது. ஆனால் உங்களுக்குப் பொறுப்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன், அதற்குக் கீழே வருகிறேன்.

போலீஸ் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டுமா?

இல்லை. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் முதல் இரண்டு இனங்களே பொது ஒழுங்கும் காவல்துறையும்தான். ஸ்டேஷன் கட்டிடம், வண்டி, வயர்லெஸ், டிவி எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்க வேண்டியது சட்டமன்றத்தில் நிறைவேறும் காவல்துறை மானியக் கோரிக்கையிலிருந்து. போதாததற்கு மத்திய அரசின் போலீஸ் நவீனமயத் திட்டம் வேறு இருக்கிறது, 2021-22 முதல் 2025-26 வரைக்கு ₹26,275 கோடி என்று 2022-ல் ஒப்புதல் கொடுத்தார்கள். ஊராட்சிகளுக்கான 29 இனங்கள் பதினோராவது அட்டவணையில் இருக்கின்றன: குடிநீர், சாலை, தெருவிளக்கு வரும் கிராம மின்வசதி, சுகாதாரம், நூலகம், சமுதாயச் சொத்துப் பராமரிப்பு என்று போகும். காவல் அதில் இல்லை.

அதனால் ஸ்டேஷனிலிருந்து வந்தது ஒரு வேண்டுகோள்தான், உத்தரவு கிடையாது. ஊராட்சி மன்றம் முடியாது என்றும் சொல்லியிருக்கலாம், ஒரு பகுதியை மட்டும் செய்கிறோம் என்றும் சொல்லியிருக்கலாம். ஸ்டேஷனில் கேட்டு எப்படி மறுப்பது என்று நினைத்திருப்பீர்கள், புரிகிறது. நாளைக்கு ஒரு அடிதடி, ஒரு திருவிழா அனுமதி என்றால் அவர்களிடம்தான் போய் நிற்க வேண்டும் என்பது ஊர்ப்பக்கம் எல்லாருக்கும் இருக்கிற கவலை. ஆனாலும் சட்டம் ஊராட்சிப் பணத்தை ஊராட்சி மன்றத்திடமும் கிராம சபையிடமும்தான் கொடுத்திருக்கிறது.

எந்தப் பணம் என்பதுதான் முதல் கேள்வி

"மத்திய அரசு பணம், யாரும் கேட்க முடியாது" என்பது முழுத் தவறு. நிபந்தனை கூடுதலாக இருக்கும் பணம் அதுதான். 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு நாடு முழுவதும் ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்தது ₹2,36,805 கோடி. அதில் 60 விழுக்காடு டைடு ஃபண்ட், அதாவது எதற்கென்று முன்பே கட்டிவைத்த பணம். பாதி துப்புரவுக்கும் திறந்தவெளி மலம் கழித்தல் இல்லாத நிலையைக் காப்பாற்றுவதற்கும், மீதிப் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கும். அதை வேறு எதற்கும் தொடக் கூடாது. மீதி 40 விழுக்காடு அன்டைடு. அதை ஊரின் தேவைப்படி செலவு செய்யலாம், ஆனால் அந்த 29 இனங்களுக்குள்ளேயே, சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் கூடாது. செய்கிற வேலை கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்திலும் ஏறியிருக்க வேண்டும்.

ஊராட்சிக் கணக்குகள் ஏறும் மத்திய அரசு இணையதளமான இ-கிராம் ஸ்வராஜிலிருந்து நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேலையின் பெயராக சமுதாயச் சொத்துப் பராமரிப்பு என்று போட்டிருக்கிறார்கள், தொகையும் தேதியும் இருக்கின்றன, ஆனால் எந்தப் பகுதி நிதி என்று சொல்கிற ஓரம் வெட்டுப்பட்டுவிட்டது. உங்கள் கேள்விக்கான பாதி பதில் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. அதில் டைடு என்று இருந்தால், காலனிக் குழாய்க்குப் போயிருக்க வேண்டிய பணம் கேமராவுக்குப் போயிருக்கிறது என்று நேராகவே சொல்லலாம். மாட்டுத் தீவனத்துக்கென்று சொசைட்டியில் வாங்கிய கடனை எடுத்துக் கல்யாணச் செலவு செய்த மாதிரி அது. கல்யாணமும் நல்ல காரியம்தான், கடன் கொடுத்தவன் ஒத்துக்கொள்ள மாட்டான். அன்டைடு என்று இருந்தால் விஷயம் அவ்வளவு சுலபமில்லை, அப்போது எதை வாங்கினார்கள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

கேமரா வேறு, டிவி வேறு

ஊர் முனையில், தொட்டிப் பக்கத்தில், பள்ளி வாசலில் வைத்த கேமராவை சமுதாயச் சொத்துப் பாதுகாப்பு என்று வாதாட இடம் இருக்கிறது. எதிர்வாதமும் உண்டு. நான் நீதிபதியாக இருந்தால் கிராம சபை ஒப்புதல் இருந்ததா என்று பார்த்துவிட்டு, இருந்திருந்தால் அந்த அளவுக்கு விட்டுவிடுவேன் என்று நினைக்கிறேன். கம்பம், வயர் வேலைக்கும் அதே பதில்தான்.

டிவியும் இன்வர்ட்டரும் அப்படியில்லை. அவை ஸ்டேஷனுக்குள் இருக்கின்றன, ஸ்டேஷன் பயன்படுத்துகிறது. அதை எந்த 29 இனத்துக்குள் நுழைப்பது என்று எனக்கே தெரியவில்லை. இதோடு சேர்த்து ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 2020 டிசம்பர் 2-ல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நாட்டின் ஒவ்வொரு காவல் நிலையத்துக்குள்ளும் கேமரா வைக்க உத்தரவிட்டது. லாக்கப், வாசல், வரவேற்பு, வராண்டா எல்லா இடத்திலும். அதற்கான நிதியை ஒதுக்க வேண்டியது அரசுகளின் பொறுப்பு என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. ஸ்டேஷனுக்குள் இருக்கும் எந்தக் கருவிக்கும் இனி ஊராட்சியிடம் பணம் கேட்டால், இந்தத் தீர்ப்பைச் சொல்லி மரியாதையாக மறுக்கலாம்.

அந்த மூன்று பில்லும் எனக்கு உறுத்துகிறது. ஒரே கடை, ஒரே வாரம், ஒரே வேலை, ஆனால் மூன்று பில். டெண்டரைத் தவிர்க்கத் துண்டு போட்டார்களா என்று தணிக்கைக்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-லேயே வந்துவிட்டது. பில்லைப் பிரித்ததற்கு நியாயமான காரணம் இருக்கவும் கூடும், அதனால் இப்போதே யாரையும் திருடன் என்று சொல்லாதீர்கள்.

உங்கள் கையெழுத்து

தீர்மானப் புத்தகத்தின் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தீர்கள். "காவல் நிலைய அலுவலரின் வேண்டுகோளின்படி கண்காணிப்பு கேமரா அமைக்க மன்றம் அனுமதிக்கிறது" என்று ஒரே வரி. எந்த நிதியிலிருந்து என்று இல்லை, எவ்வளவு என்று இல்லை, டிவி, இன்வர்ட்டர் என்ற பேச்சே இல்லை. சகோதரி, இந்த ஒரு வரி உங்களுக்கு பலம். நீங்கள் அனுமதித்தது கேமராவை. டைடு பணத்தை எடுத்ததற்கோ ஸ்டேஷனுக்கு டிவி வாங்கியதற்கோ உங்கள் ஒப்புதல் அந்தப் பக்கத்தில் கிடையாது. "எல்லாரும் கையெழுத்துப் போட்டதுதான்" என்று யார் சொன்னாலும், எதற்குப் போட்டோம் என்று அந்தப் பக்கத்தைக் காட்டலாம். ஒரு நல்ல பிரதியை வாங்கிப் பத்திரமாக வையுங்கள், போன் கேலரியை மட்டும் நம்ப வேண்டாம்.

பொறுப்பு என்று வரக்கூடியது தணிக்கைப் பக்கமிருந்துதான். தணிக்கைத் தடை எழுதுவார்கள், பெரும்பாலும் ஊராட்சியின் பொது நிதியிலிருந்து அந்தத் தொகையை ஈடுகட்டச் சொல்லி முடிப்பார்கள். விதிக்குப் புறம்பான செலவு என்று முடிவானால், அதற்குக் காரணமானவர்களிடமே வசூலிக்கிற தண்டத்தீர்வை நடவடிக்கைக்கும் சட்டத்தில் வழி உண்டு. அது வந்தாலும் முதலில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். நோட்டீஸ் வந்தால் "வக்கீலைப் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளாமல், கொடுத்த கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். பதில் கொடுக்காமல் விட்டுத்தான் நிறைய வார்டு உறுப்பினர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

இனி என்ன செய்யலாம்?

முதலில் காகிதம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். ₹10-க்கு கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்பு ஒட்டி, உங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். அலுவலகம் மாறிப்போய்விட்டதென்றால் 5 நாளில் சரியான இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: தீர்மான நகல், அந்த வருட வளர்ச்சித் திட்டத்தில் இந்த வேலை ஏறியிருந்த பக்கம், மதிப்பீடு, விலைப்புள்ளிகள், பணி ஆணை, எம்-புக் (செய்த வேலையின் அளவுப் புத்தகம்) நகல், பில்லும் வவுச்சரும், எந்த மானியப் பகுதியிலிருந்து பணம் போனது என்கிற விவரம், சொத்துப் பதிவேட்டில் இந்த 16 கேமராவும் டிவியும் ஏறியிருக்கும் பக்கம், அந்த வருடத்துத் தணிக்கை அறிக்கை.

அந்த சொத்துப் பதிவேடுதான் ரிப்பேர் சண்டைக்கும் விடை. ஊராட்சிப் பணத்தில் வாங்கிய பொருள், எழுத்து மூலம் ஒப்படைக்கப்படாதவரை ஊராட்சியுடையது. ஸ்டேஷனில் வைத்திருப்பதால் போலீஸ் சொத்து ஆகிவிடாது. அப்படியென்றால் ரிப்பேரும் ஊராட்சி பொறுப்புதானே என்பீர்கள். ஆமாம், அதுதான் நிலைமை. யார் பராமரிப்பது, கரண்ட் பில் யார் கட்டுவது, பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று அன்றே ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இப்போதும் தாமதமில்லை, தனி அலுவலரும் ஸ்டேஷனும் அப்படியொரு ஒப்பந்தம் போட வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். உறுப்பினர்கள் பதவிக்காலம் முடிந்தாலும் கிராம சபை இருக்கிறது, வாக்காளராக நீங்கள் அதில் உறுப்பினர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. காலனிக் குழாய் வேலையை அடுத்த திட்டத்தில் முதல் வேலையாக எழுதச் சொல்லும் தீர்மானத்தையும் அதே கூட்டத்தில் வையுங்கள். என்னைக் கேட்டால், கேமராக் கணக்கைவிட இதைத்தான் விடாமல் கேட்க வேண்டும்.

ஆவணங்கள் கையில் வந்து, டைடு பணம் கேமராவுக்குப் போயிருப்பது உறுதியானால், மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள், அவர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். நகல் ஒன்றை உதவி இயக்குநர் (தணிக்கை) அலுவலகத்துக்கும் கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 2014 சட்டப்படி அமைந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவம் சென்னையில் இருக்கிறது, முறைகேட்டுப் புகாரை அங்கே அனுப்பலாம். உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாமா என்று இளைஞர்கள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். இப்போது வேண்டாம். சென்னைக்கு அலைச்சல், செலவு, அங்கே போனதும் "அதிகாரிகளிடம் மனு கொடுத்தீர்களா" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அதே சமயம் அதனால் நின்றுவிடவும் வேண்டாம். மனு எதிலும் போலீஸ்மேல் குறை சொல்லத் தேவையே இல்லை. நீங்கள் கேட்பது ஊராட்சியின் வரவு செலவை, ஊராட்சி அலுவலகத்திடம். முடிந்தால் ஐந்தாறு பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள், முன்னாள் உறுப்பினர்கள் இன்னும் இரண்டு பேர் வந்தால் நல்லது. அவர்களும் உங்களைப் போலவே உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் இருப்பார்கள்.

கிரானைட் குவாரி பக்கத்தில் இருப்பதால் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியில் ரிப்பேருக்குக் கேட்கலாமா என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த நிதி, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கும் பகுதிகளுக்கும் என்று 2015-ல் சட்டத் திருத்தத்தின் மூலம் வந்தது. அதன் பெரும்பகுதி குடிநீர், மருத்துவம், கல்வி போன்றவற்றுக்குப் போக வேண்டும். அங்கே மனு போடுவதென்றால் குழாய்க்குப் போடுங்கள். கேமரா ரிப்பேருக்கு சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் இடமுண்டா என்று ஒரு மனு கொடுத்துப் பார்க்கலாம், கடைக்காரர்கள், மண்டிக்காரர்கள் பங்களிப்பும் பல ஊரில் நடக்கிறது. அதை வாங்கினால் ஊராட்சியின் பெயரில் ரசீது போட்டு வாங்க வேண்டும், யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது.

பக்கத்து வீட்டு அம்மாவின் செயின்

கம்பத்தின் போட்டோவில் ஒன்றைக் கவனித்தேன். கேமராப் பெட்டிக்கு வரும் வயர் தெருவிளக்கு லைனிலிருந்து இழுத்த மாதிரி தெரிகிறது. அப்படியிருந்தால் சாயங்காலம் சுவிட்ச் போட்டால்தான் கேமராவுக்குக் கரண்ட் வரும், விடிந்து அணைத்ததும் அதுவும் அணைந்துவிடும். பகல் 11 மணிப் பதிவு இல்லாததற்கு இது காரணமாக இருக்கலாம், யாரும் மறைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய்ப் பாருங்கள். தனி இணைப்பு கொடுத்தால் பாதி கேமரா அதிலேயே உயிர் பெறலாம்.

செயின் பறிப்புக்கு எஃப்.ஐ.ஆர். போட்டார்களா, புகாரை வாங்கியதற்கான வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிட்டார்களா என்று நீங்கள் எழுதவில்லை. எஃப்.ஐ.ஆர். இல்லையென்றால், புகாரை எழுத்தில் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4) அதற்கு வழி தருகிறது. அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பக்கத்துக் கடைகளில், பெட்ரோல் பங்கில் தனியார் கேமரா இருந்தால் அந்தப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி விசாரணை அதிகாரிக்கு உடனே ஒரு கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள். பதிவுப் பெட்டியான டிவிஆரில் இடம் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும், அதனால் இந்த வாரமே கொடுத்தால்தான் பலன். போனில் வீடியோ எடுத்துக் கொடுத்தால் போதும் என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பதிவைப் போலீஸே முறைப்படி எடுக்க வேண்டும், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழ் இல்லாமல் கோர்ட்டில் அதை ஏற்க வைப்பது கஷ்டம்.

இ-கிராம் ஸ்வராஜ் பக்கத்தை ஓரம் வெட்டுப்படாமல் இன்னொரு முறை எடுத்து அனுப்புங்கள். டைடா அன்டைடா என்று தெரிந்தால் ஆட்சியருக்கான மனுவின் வாசகத்தை நானே எழுதித் தருகிறேன்.